வெளுத்த தாடை

பல் நடும் திருகு ஒன்றைப் பன்றி விலா எலும்புக்குள் முறுக்கி இறக்கினேன். எதிர்ப்பக்கம் முறுக்கி வெளியே எடுத்தேன். மரைகளுக்கு நடுவில் மாவு நின்றது. அரைத்து உலர்த்திய அரிசி மாவு போல வெள்ளையாக. ஊதினேன், பறந்தது.

பறக்கக் கூடாது. திருகின்மேல் நாங்கள் போடும் பூச்சு எலும்புக்குள் போனாலும், திரும்பி வெளியே வந்தாலும் உலோகத்தைவிட்டு அசையக் கூடாது. அதற்காகத்தான் எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆற்றோரமாக மூன்று மாடிக் கட்டடம். அதற்காகத்தான் பேராசிரியர் கியெட்டின் படம் மாதம் ஒருமுறை செய்தித்தாளில் வருகிறது. அதே தொகுப்பிலிருந்து இன்னும் சில திருகுகளை எடுத்து முறுக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மாவு. அந்தத் தொகுப்பிலிருந்து ஒன்றுதான் அடுத்த வாரம் ஏழாமக்காவின் மேல்தாடைக்குள் போகவிருந்தது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். வெறும் டைட்டானியத் திருகை எலும்பு ஏற்றுக்கொள்ளும், ஆனால் மெதுவாக. அதன்மேல் எலும்பின் கனிமத்தையே பூசிக் கொடுத்தால் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். கனிமத்தை அதன் போக்கில் படியவிட்டால் முள்முள்ளாக நிமிர்ந்து நிற்கும், திருகை முறுக்கும்போதே உடைந்து உதிரும். பல்லின் எனாமலும் ஏறக்குறைய அதே கனிமம்தான். ஆனால் அறுபது வயதுவரை கரும்பு கடித்தாலும் உதிர்வதில்லை. ஈறுக்குள் பல் உருவாகும்போது ஒரு புரதம் கூட நின்று, கனிமத்தைக் கதிர்க்கட்டு போல வரிசையாகப் படுக்க வைப்பதுதான் காரணம். வேலை முடிந்ததும் அந்தப் புரதம் கரைந்து காணாமல் போய்விடும். ஆறு மாதப் பன்றியின் தாடையைப் பிளந்தால், இன்னும் முளைக்காத கடைவாய்ப்பல் இளநீர் வழுக்கை போல உள்ளே இருக்கும். அதிலிருந்து நாங்கள் புரதத்தை எடுப்போம். உப்புக் கரைசலில் கலந்து, திருகைக் கம்பியில் தொங்கவிட்டு, மெல்லிய மின்சாரம் செலுத்துவோம். பூச்சு கட்டுக்கட்டாகப் படியும், உதிராது. இது பொய் இல்லை. என் கையால் செய்து என் கண்ணால் பார்த்தது. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

நான் அங்கே இரவுப் பணியாள். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து பாதியில் விட்டவன். ஏன் விட்டேன் என்பது இங்கே வேண்டாம். கரைசலின் சூடு மாறாமல் ராத்திரி முழுக்க ஒருவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவன் நான். திருகை முறுக்கிப் பார்க்கும் சோதனையைப் பேராசிரியர் போன வருடமே நிறுத்திவிட்டார். முதல் தொகுப்புகள் எல்லாம் தேறிவிட்டன, கட்டுரையும் வெளியாகிவிட்டது, இனி எதற்கு என்றார். வேலையில்லாத ஒரு ராத்திரியில் நானாகத்தான் முறுக்கிப் பார்த்தேன்.

ஏழாமக்கா எங்களுக்குத் தாடை கொடுப்பவள். எங்கள் ஊர் கான்தோவின் சந்தையில் பன்றித்தலைக் கடை. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் இருக்கும், யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டில் பிறந்த வரிசைப்படி ஏழு, ஆகவே ஊருக்கும் ஏழு. படகிலிருந்து பன்றி இறக்கும்போது இரும்புக் கொக்கி ஒன்று ஆடி வந்து அவளுடைய மேல்வரிசை முன்பல்லைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு எதிர்க்கடைக்காரிகள் அவளை ஜன்னல் என்று கூப்பிட்டார்கள். ஜன்னலைச் சாத்துடி, காற்று அடிக்கிறது என்பார்கள். அவள் பதிலுக்கு அவர்களுடைய புருஷன்மார்களைப் பற்றி ஏதாவது சொல்வாள். ஆனால் சிரிக்கும்போது உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். சந்தையில் வாயை மூடிக்கொண்டு யாரும் தலை விற்க முடியாது.

தாடை கொண்டுவந்த ஒரு நாள் பேராசிரியர் அவளைப் பார்த்துவிட்டு, சோதனைக்குச் சேர்த்துக்கொள்கிறேன், இலவசமாகப் பல் வைத்துத் தருகிறேன் என்றார். அவளும் சேர்ந்தாள். டெட் புத்தாண்டு முடிந்த கையோடு முதல் திருகை வைத்தார்கள். மழை தொடங்குவதற்குள் அது ஆடியது. ஒரு மத்தியானம் நொய்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கழன்று தட்டில் விழுந்தது. அதைக் கழுவிக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, சந்தைக்காரி வாய் ஓயாமல் ஆடினால் திருகு மட்டுமில்லை, ஆற்றுப்பாலமே கழன்றுவிடும் என்றார். அறையே சிரித்தது. அவளும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்ததுதான் கடைசி வாய்ப்பு. அவளுடைய ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்தாலே தெரியும், முன்பல் இருந்த இடத்தில் எலும்பு தேய்ந்து மெலிந்துவிட்டது. இன்னொரு தடவை திருகு கழன்றால் அந்த இடத்தில் எதையும் நட முடியாது. வெளியே காசு கொடுத்துச் செய்ய அவளால் ஆகாது. காத்திருந்தாலும் எலும்பு தேய்ந்துகொண்டே போகும். இதையெல்லாம் அவளுக்கும் சொல்லியிருந்தார்கள்.

மாவைப் பார்த்த பிறகு முதலில் என்மேல்தான் சந்தேகப்பட்டேன். உப்பை மாற்றினேன், சூடுமானியை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். மாவு மாறவில்லை. குளிர்பெட்டியின் மூலையில் போன மழைக்காலத்துப் புரதத்தூள் ஒரு சீசாவின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்து ஒரு திருகுக்குப் பூசினேன். எலும்பில் போய் வந்தது, ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. ஆக, கோளாறு புதிய தூளில். தூள் தாடையிலிருந்து வருகிறது, தாடை சந்தையிலிருந்து வருகிறது. காலையில் வேலை முடிந்ததும் வண்டியை நேராகச் சந்தைக்கு விட்டேன்.

பௌர்ணமிக்கு முந்தின நாள், கூட்டமான கூட்டம். படையலுக்கான தலைகள் ஏழாமக்காவின் மேசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றின் வாயிலும் அதன் வால். எல்லாம் அவித்து உரித்த முட்டை போல வெள்ளை.

"என்ன ஆந்தை, வெளிச்சத்துல கண்ணு தெரியுதா?" என்றாள் என்னைப் பார்த்து.

மேசைக்குக் கீழே நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீரில் நுரை. நுரைக்குள் முகவாயோடு இரண்டாகப் பிளந்த தாடைகள் மிதந்தன. அது என்ன என்று கேட்டேன்.

"உங்க தாடைதான். ஊறிக்கிட்டிருக்கு."

"எதுல ஊறுது?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "புண்ணுல ஊத்தினா நுரைக்குமே, அந்த மருந்து. சலூனுக்கு விக்கிற கேன்ல வாங்கறது. எல்லாக் கடையிலயும் ஊத்தறதுதான், நீ ஒண்ணும் முழிக்காத."

மற்றதை அவளே கடகடவென்று சொன்னாள். முன்னோருக்குப் படைக்கும் தலை வெளுப்பாக இல்லையென்றால் எந்த வீட்டுக்காரியும் தொடமாட்டாள். பழுப்புத் தலையைப் படையலில் வைத்தால் செத்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் தலைகளை எப்போதுமே இந்தத் தொட்டியில் முக்கி எடுப்பது வழக்கம். எங்களுக்குத் தரும் தாடைகளை முன்பெல்லாம் வெட்டிய கையோடு பைக்குள் போட்டுவிடுவாள். பன்னிரண்டாம் மாதத்தில், புத்தாண்டு வியாபாரம் சூடு பிடித்தபோதுதான் மனம் உறுத்தியதாம். அப்போது அவளைச் சோதனையில் சேர்த்துக்கொண்டிருந்த நேரம்.

"செத்தவங்களுக்கு வெள்ளையா குடுத்துட்டு, எனக்குப் பல்லு வைக்கப் போற டாக்டருக்கு அழுக்குத் தாடையா குடுப்பேன்? எனக்கு மரியாதை தெரியாதா? உங்க தாடை தொட்டியில முதல்ல இறங்கும், கடைசியில ஏறும்."

இரண்டு தாடையைக் கழுவாமல், தொட்டியில் போடாமல் வெட்டியபடியே கொடு என்று கேட்டேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. ரத்தத்தோடயா, நாய்க்கா போடப் போற என்று முணுமுணுத்தபடி கொடுத்தாள்.

அந்த இரண்டு தாடையிலிருந்து எடுத்த புரதம் ஒழுங்காக வேலை செய்தது. பூச்சு நின்றது. தொட்டியில் ஊறிய தாடையிலிருந்து எடுத்தது மாவாகக் கொட்டியது. அவள் பிளந்து போடுவதால் மருந்து பல்முளைவரை போய்ப் புரதத்தைத் தீய்த்துவிடுகிறது. சீசாவில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே எடை, அதே நிறம். கனிமத்தைப் படுக்க வைக்கும் சக்தி மட்டும் போய்விட்டிருக்கும். அவளுடைய முதல் திருகு ஏன் கழன்றது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பூச்சு நின்ற திருகையும் உதிர்ந்த திருகையும் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். அவர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நுண்ணோக்கியில் இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டார்.

"உக்காரு தம்பி," என்றார். தாமரைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

சிங்கப்பூரிலிருந்து திருகு செய்யும் நிறுவனத்தார் வியாழக்கிழமை வருகிறார்கள். பூச்சு முறையை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று அறுவையை நேரில் பார்த்து முடிவு செய்வார்கள். இது எனக்கும் தெரிந்ததுதான். கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள், கழுவாத தாடை கிடைக்கிறது, நல்ல தூள் எடுத்துப் புதிதாகப் பூசித் தருகிறேன் என்றேன். தேதியை மாற்ற முடியாது என்றார். அப்படியானால் அவளுக்குப் பூசாத திருகை வையுங்கள் என்றேன்.

"மொட்டைத் திருகு வைக்கறதைப் பாக்க அவங்க எதுக்கு விமானம் ஏறி வரணும்?"

அவளுக்கு எலும்பு இல்லை சார், இதுவும் கழன்றால் அவ்வளவுதான் என்றேன். திருகு கழன்று யாரும் செத்ததில்லை என்றார். சும்மா ஒரு தகவல் போலத்தான் சொன்னார். நான் எழுந்தேன். அப்படியென்றால் வருகிறவர்களிடம் நான் சொல்வேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சொல்லலாம். ஆனா சொன்னா முழுசா சொல்லணும். தடை பண்ணின மருந்துல தலையை ஊறப்போட்டு ஊருக்கு விக்கறான்னு சொல்லணும். அது சந்தை ஆய்வாளர் காதுக்குப் போகாதா? அவ கடை என்ன ஆகும்? நீ படிச்சவன், பாதி படிச்சவன்னே வச்சுக்குவோம். நீயே சொல்லு, அவளுக்குப் பல்லு முக்கியமா கடை முக்கியமா?"

அவள் நன்மைக்காகச் சொல்வது போலத்தான் சொன்னார். கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து, தூள் சீசாவை இறுக்கி மூடிவை, ஈரம் ஏறிவிடும் என்றார்.

அந்தச் சீசாவை ஆற்றில் எறிந்துவிடலாமா என்று யோசித்தேன். பூச்சை எலுமிச்சைச் சாறு விட்டே கரைத்துவிடலாம். ஆனால் பூசிய திருகு வெள்ளை, பூசாதது சாம்பல். மாற்றினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தூளும் அவர் அறையில் இன்னொரு சீசாவில் இருந்தது. வேறு எவனாவது இரவுப் பணிக்கு வந்து பூசிக் கொடுப்பான்.

ஏழாமக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் காது நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப நானேதான் என் பல்லைப் புடுங்கிக்கிட்டேன்கிற."

"ஆமா."

இல்லை அக்கா, உங்கள்மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்டது அதுவல்ல. கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள். முதலில் என்னைத் திட்டினாள். அப்புறம் என் படிப்பை, பிறகு நுரை மருந்து விற்பவனை, பழுப்புத் தலையைத் தொடமாட்டேன் என்னும் பெண்களை, அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அவர்களுடைய செத்துப்போன மாமனார்களை. பேராசிரியரைக் கடைசியாக வைத்துக்கொண்டாள்.

"தாடை வேணும்னு கேட்டாரு. எப்படி வேணும்னு கேட்டாரா? எதுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? உள்ள இருக்கற கொழகொழதான் முக்கியம், அதைத் தொடாதன்னு சொல்லியிருந்தா நான் அதைக் கட்டிக்கிட்டு வந்து குடுத்திருக்க மாட்டேன்?"

கொடுத்திருப்பாள். எங்களில் யாரும் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கு என்று மட்டும் சொல்லியிருந்தோம். சந்தைக்காரிக்கு அதற்குமேல் என்ன சொல்வது என்றுதான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கடையைப் பற்றிப் பேராசிரியர் சொன்னதையும் சொன்னேன். அவள் சட்டென்று அடங்கிவிட்டாள். எதிர்க்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கடையும் வேண்டும், பல்லும் வேண்டும் என்றாள். இரண்டையும் தருகிறவன் யாரும் இல்லை என்றேன். மொட்டைத் திருகை வைக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள் என்றேன்.

"முன்னாடியே கேட்டா, சோதனையில நீ இல்ல, வெளிய போன்னுவாரு. வேற எவளாவது வாயைத் தொறந்துக்கிட்டு நிப்பா." பிறகு, "அறுத்து ஓட்டை போட்ட பிறகு, ஒண்ணும் வைக்காம விட்டுட்டுப் போக முடியுமா அவரால?" என்று கேட்டாள்.

முடியும் என்றேன். தையல் போட்டு மூடிவிடலாம். ஆனால் துளை போட்ட எலும்பு வீணாகிவிடும். அப்புறம் உங்களுக்கு அங்கே ஒன்றும் வைக்க முடியாது. பூசிய திருகு கைதவறிக் கீழே விழுந்தால் மாற்றாக வைக்கத் தட்டில் எப்போதும் ஒரு மொட்டைத் திருகு இருக்கும் என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். போ, போய்த் தூங்கு என்றாள். என்ன செய்யப் போகிறாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை வேலை முடிந்தும் என்னை வீட்டுக்கு விடவில்லை. வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் பூச்சைப் பற்றி விளக்க ஆள் வேண்டுமாம். முகமூடி, தொப்பி மாட்டி அறுவை அறைக்குள் நிற்க வைத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்திருந்தார்கள். ஏழாமக்கா நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள். உடம்பெல்லாம் நீலத்துணி, முகத்தில் வாயும் கண்ணும் மட்டும் வெளியே. என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பேராசிரியர் ஈறைக் கீறி விலக்கினார். துளையிட்டார். நல்ல கை அவருக்கு. எலும்பு மெலிந்த இடத்தில், ஒரு நூல் பக்கம் சாய்ந்தால் உடைந்துவிடும் இடத்தில், நேராகத் துளை இறங்கியது. தாதி ரத்தத்தை உறிஞ்சினாள். பேராசிரியர் இடுக்கியால் வெள்ளைத் திருகை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி விருந்தினர்களுக்குக் காட்டினார். பல் எப்படி எனாமலைக் கட்டுகிறதோ அப்படியே நாங்கள் இதைக் கட்டுகிறோம் என்றார். அவர்கள் கிட்டே குனிந்தார்கள்.

துணிக்கு அடியிலிருந்து ஏழாமக்காவின் கை வந்தது. இடுக்கியிலிருந்து திருகைப் பிடுங்கிக்கொண்டது. வெறுங்கை. தொட்ட கணத்திலேயே அந்தத் திருகு எதற்கும் ஆகாமல் போயிற்று. அவள் அதோடு விடவில்லை. கட்டைவிரல் நகத்தால் மரையில் ஒரு இழுப்பு இழுத்தாள். வெள்ளைப் பொடி நீலத்துணிமேல் உதிர்ந்தது.

உதடு மரத்திருந்ததால் சொற்கள் குழறின. ஆனாலும் புரிந்தது. "என் தொட்டியில வெளுத்த தாடை சார் இது. இது உதிரும்னு உங்களுக்குத் தெரியும்."

என்ன சொல்கிறாள் என்று விருந்தினர் கேட்டார். பேராசிரியர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பயத்தில் உளறுகிறாள், மயக்கமருந்து சிலருக்கு இப்படிச் செய்யும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவள் துணிச்சலாகத் தன் கடையையே பணயம் வைத்துச் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் உளறலாக்கிவிட்டார்.

முகமூடியை இறக்கிவிட்டு நான் சொன்னேன். தாடைகளை எதில் ஊறவைத்தார்கள், புரதம் எப்படிக் கெட்டது, பூச்சு எப்படி உதிர்கிறது, முதல் திருகு எதனால் கழன்றது, பேராசிரியருக்கு எப்போதிலிருந்து தெரியும், எல்லாம் சொன்னேன். கோபத்தில் வாய் நிற்கவில்லை. எந்தச் சந்தை, எந்த வரிசை என்பதுவரை சொல்லிவிட்டேன். அந்த விவரத்தை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

சிங்கப்பூர்ப் பெண் குனிந்து, துணிமேல் கிடந்த பொடியைக் கையுறை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"வெளியே போ," என்றார் பேராசிரியர் என்னிடம். தம்பி என்ற சொல் போய்விட்டது. நான் நகரவில்லை.

"அவனை விடுங்க," என்றாள் ஏழாமக்கா. "தட்டுல மொட்டை ஒண்ணு இருக்குல்ல. அதை வைங்க." சொல்லிவிட்டு வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் தட்டைப் பார்த்தார். அவர் கை மொட்டைத் திருகைத் தாண்டிப் போய்த் தையல் ஊசியை எடுத்தது. நான் பார்த்தேன், தாதி பார்த்தாள், விருந்தினர் இருவரும் பார்த்தார்கள். ஏழாமக்காவும் பார்த்தாள். அந்த ஊசி இறங்கினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் அவளுக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். அவள் வாயை மூடவில்லை. ரத்தம் துளையில் நிறைந்து, உதட்டோரம் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. தாதி உறிஞ்சினாள். மறுபடி நிறைந்தது. அவள் கண்ணை இமைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கையில் அந்தப் பூச்சு உதிர்ந்த திருகை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சிங்கப்பூர்ப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

பேராசிரியர் ஊசியைத் தட்டில் வைத்தார். மொட்டைத் திருகை எடுத்தார். துளையில் நிறுத்தி முறுக்கினார். நேராக இறங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசிச் சுற்றில் கருவி இறுகி நின்றது, நல்ல இறுக்கம். பிறகு தையல் போட்டார். ஒவ்வொரு முடிச்சும் சுத்தம். அவருக்கு இரக்கம் வந்ததாக நான் நம்பவில்லை. பார்ப்பதற்கு ஆள் நின்றார்கள், அவ்வளவுதான்.

சாயங்காலமே என்னை அனுப்பிவிட்டார்கள். விருந்தினர்கள் கையெழுத்துப் போடாமல் போனார்கள். நல்ல தூள் எடுத்துச் சோதித்துவிட்டுக் கூப்பிடுங்கள், வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். பேராசிரியர் கழுவாத தாடை வாங்கினார், நல்ல தூள் எடுத்தார், கூப்பிட்டார், அவர்களும் வந்தார்கள். இப்போது கையெழுத்து ஆகிவிட்டது. நான் கேட்டது அந்தக் கொஞ்ச நாளைத்தான். அதைத்தான் கடைசியில் அவரும் எடுத்துக்கொண்டார். அவருடைய புதிய கட்டுரையில், மூலப்பொருளைக் கையாளும் முறை சீர்செய்யப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குள் ஏழாமக்காவின் முதல் திருகும், தேய்ந்துபோன அவள் எலும்பும் கிடக்கின்றன. பூச்சு அருமையாக நிற்கிறதாம். நிற்கும். அது நிற்காது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

கடைக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியாது. பேராசிரியராக இருக்கலாம். நான் அந்த அறையில் கத்தியதைக் கேட்ட யாராகவும் இருக்கலாம். எதிர்க்கடைகளிலும் தொட்டிகள் இருந்தன. ஆனால் அவர்கள் நேராக வந்து அவள் தொட்டியை மட்டும் கவிழ்த்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்கக் கடை பூட்டிக் கிடந்தது. முன்னோருக்குப் பெரிய படையல் போடும் ஏழாம் மாதப் பௌர்ணமி வியாபாரம் அவளுக்கு இல்லாமலே போயிற்று. படகுத்துறையில் வாத்து முட்டை விற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது.

எனக்கு இப்போது ஐஸ் தொழிற்சாலையில் வேலை. இறால் பெட்டிகளுக்கு ஐஸ் அடிப்பது. அதுவும் இரவு வேலைதான். மழை விட்ட ஒரு சாயங்காலம் வேலைக்குள் நுழையப் போனபோது, வாசலில் அவள் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தாள். வண்டிக் கைப்பிடியில் கரும்புச்சாறு ரப்பர் போட்டுக் கட்டிய பையில் தொங்கியது.

வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள். "நான் சொன்னேன்ல? என் வாயால நான் சொன்னேன். அது பத்தலையா உனக்கு? சந்தைப் பேரு, வரிசைப் பேரு எல்லாம் எதுக்குடா சொன்ன? இங்கிலீஷ் தெரியும்னு காட்டிக்கவா?"

அவருக்கு அவருடைய சிங்கப்பூர், உனக்கு உன்னுடைய கோபம், நடுவில் என் கடை என்றாள். உன்னை யார் கேட்டார்கள் என்றாள். அவள் பேசும்போதுதான் கவனித்தேன், முன்பல் இருந்தது. மாவட்ட மருத்துவமனையில் திருகைத் தட்டிப் பார்த்தார்களாம். எலும்பு பிடித்துக்கொண்டது, அசையவில்லை. அதன்மேல் பல்லை மாட்டிவிட்டார்கள். இதையும் ஒரு திட்டுக்கும் இன்னொரு திட்டுக்கும் நடுவில்தான் சொன்னாள். கடையை வருகிற மாதம் திறக்கலாம் என்று காகிதம் வந்திருக்கிறதாம். ஆனால் இனிமேல் வெளுக்காத தலையை எவள் வாங்குவாள் என்று கேட்டாள்.

திட்டித் திட்டித் தொண்டை காய்ந்துவிட்டது போல. கரும்புச்சாற்றுப் பையை எடுத்தாள். ரப்பரை இறுக்கி முடிந்திருந்தார்கள், விரலால் அவிழ்க்கப் பார்த்தாள், வரவில்லை. வாய்க்குக் கொண்டுபோய் அந்த முன்பல்லால் கடித்தாள்.

"அக்கா, அதால கடிக்காதீங்க."

"என் பல்லு," என்றாள் ரப்பரை விடாமல்.

கடித்து இழுத்தாள். ரப்பர் அறுந்தது. அதை என் காலடியில் துப்பிவிட்டு, பாதிச் சாற்றைக் குடித்தாள். மீதியை என்னிடம் நீட்டவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.